கித்தா வியாபாரி மகன் செஞ்ச கூத்து

வாடா பேரா, உக்காரு. உங்கம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா. சைபர்ஜெயாவுக்குப் போயி அனிமேஷன் படிக்கப் போறியாம். அவ மூக்கச் சிந்திக்கிட்டு இருக்கா. உங்கப்பன் நேத்துலேருந்து வாயத் தெறக்கல. அது ஒரு நல்ல காரியம், அதுக்காகவே ஒனக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். தாத்தா புத்தி சொல்லித் திருத்துவாருன்னுதான் ஒன்ன இங்க அனுப்பி வச்சிருக்காங்க. நான் ஏன்டா தடுக்கப் போறேன்? காசு இல்லாமப் போறதுக்கு நம்ம ஊருல எத்தனையோ வழி இருக்கு. நாலு நம்பரு எழுதலாம். கோயில் கமிட்டித் தேர்தல்ல நின்னு தோத்துப் போகலாம். மச்சான் வாங்குன காருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடலாம். இதையெல்லாம் விட்டுட்டு, ஒக்காந்து படம் வரைஞ்சு ஏழையாவேன்னு கௌரவமா ஒரு வழிய எடுத்திருக்க. நம்ம வம்சத்துலயே மொத ஆளு நீதான்.

ஆனா ஒண்ணு. எந்தத் தொழிலுக்குப் போனாலும், அதுல மொதல்ல கால வச்சவன் கடைசியில என்ன ஆனான்னு விசாரிச்சுட்டுப் போகணும். ஒனக்காக நான் விசாரிச்சு வச்சிருக்கேன். என்ன பாக்குற? டீக்கடையில ஊர்க்கதை பேசுற கெழவனுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்னா? உங்க அத்தை மக போன்ல தேடி எடுத்துக் குடுத்தா. நானும் கண்ணாடிய மாட்டிக்கிட்டு படிச்சேன், பாத்தேன். நீங்கள்ளாம் அந்தப் போன்ல பூனை குதிக்கிறதப் பாக்குற நேரத்துல நான் பிரான்சுக்குப் போயிட்டு வந்துட்டேன்.

எமில் கோல்னு ஒருத்தரு. வீட்டுல வச்ச பேரு எமில் கூர்தே. 1857 ஜனவரி 4-ஆம் தேதி பாரீசுல பொறந்தாரு. அவங்கப்பாவுக்கு என்ன தொழிலு சொல்லு பாப்பம்? கித்தா வியாபாரம்டா! ரப்பரு! நம்ம பத்து பெக்காக்கா பக்கமெல்லாம் ஒரு கித்தா மரம்கூட இல்லாத காலம் அது. சிங்கப்பூருக்கு 22 கன்னு வந்து எறங்குனதே 1877-லதான். அதுக்கு முன்னாடி காட்டு மரத்துலேருந்து எடுத்த பாலுதான் ஒலகத்துக்கு. அந்தப் பால வித்த காசுல கஞ்சி குடிச்ச புள்ளதான் பின்னாடி படத்த நடக்க வச்சுச்சு. அதனால நமக்கும் அவருக்கும் ஒறவு உண்டு. பங்காளி மொறை வேணாம், சொத்துத் தகராறு வரும். பால் மொறைன்னு வச்சுக்குவோம். அவங்கப்பா வேலை செஞ்ச கம்பெனி ஏறி எறங்க, குடும்பமும் வீடு மாத்தி வீடு மாத்தி அலைஞ்சிருக்கு. கித்தா வெல எறங்குனா யாரு வீட்டு அடுப்பு அணையும்னு நமக்கு எவனும் சொல்லித் தர வேணாம்.

அம்மா சின்ன வயசுலயே போயிட்டாங்க. 1870-ல ஜெர்மங்காரன் பாரீச வளைச்சுக்கிட்டு நின்னப்ப, இந்தப் பய தெருத்தெருவா சுத்தி பொம்மலாட்டம் பாத்திருக்கான், சுவத்துல ஒட்டுன கேலிப் படங்களப் பாத்திருக்கான். ஊரே பசியில கெடக்கு, இவன் படம் பாக்குறான். அறிகுறி அப்பவே தெரிஞ்சு போச்சு. நகை வேலை செய்யிற எடத்துல சேத்து விட்டாங்க, நிக்கல. பட்டாளத்துக்குப் போனான், அங்கயும் வரைஞ்சான். கப்பல் இன்சூரன்சு தரகர்கிட்ட வேலைக்கு வச்சாங்க. அங்க நின்னிருந்தா இன்னிக்கு அவரு பேரு ஒனக்கும் தெரிஞ்சிருக்காது, எனக்கும் தெரிஞ்சிருக்காது, நல்லா சாப்பிட்டுச் செத்திருப்பாரு.

1878-ல ஆந்த்ரே ஜில்னு ஒரு பெரிய கேலிச்சித்திரக்காரர்கிட்ட சிஷ்யனாப் போயி ஒட்டிக்கிட்டாரு. மறு வருசமே முன்னாள் ஜனாதிபதி மக்மஹோனக் கிண்டல் பண்ணி வரைஞ்சு போலீசுல மாட்டிக்கிட்டாரு. பேரு வாங்குனதும் அதாலதான். நீ அந்தப் பக்கம் போகாத. நம்ம ஊருல ஜனாதிபதி கெடையாது, ஆனா போலீசு உண்டு. குருநாதரு ஜில் இருக்காரே, அவரு கடைசியில புத்தி பேதலிச்சு ஷாரென்டோன் மனநோய் ஆஸ்பத்திரியிலேயே 1885-ல செத்துப் போனாரு. அதனால சேர்றதுக்கு முன்னாடி ஒங்க லெக்சரருங்க எப்பிடி இருக்காங்கன்னு ஒரு பார்வ பாத்துக்க.

நடுவுல இன்னொரு கூட்டத்தோட சேந்தாரு. 1882-ல ஆரம்பிச்ச கூட்டம். வரையவே தெரியாதவங்க வரைஞ்ச படங்களுக்குன்னே ஒரு கண்காட்சி வச்சாங்களாம்! அர்த்தமில்லாம இருக்கிறதுதான் அவங்க கொள்கை. நம்ம பக்கம் கூட்டம் கூடுறப்ப கொள்கையெல்லாம் யாரும் அறிவிக்கிறதில்ல, அது தானா அமைஞ்சிடும்.

சோத்துக்கு என்ன செஞ்சாருன்னு கேளு. அங்கதான் புத்திசாலி. பழைய தபால்தலை வாங்கி வித்தாரு. பத்திரிகைக்குப் படம், கொழந்தைங்களுக்கு வெளையாட்டுப் புதிரு, நாடகத்துக்கு வசனம், எது கெடைச்சாலும் செஞ்சாரு. இப்பிடியே அம்பது வயசு ஆயிடுச்சு. அம்பது வயசுன்னா என்னன்னு தெரியுமா? நம்ம ஆளுங்க இபிஎஃப் காசுல கொஞ்சத்த எடுத்து வீட்டு முன்னாடி கூரை நீட்டி, அதுக்குக் கீழ நாற்காலி போட்டு, இனிமே ஒலகம் நடக்கிறத நான் பாத்துக்கிட்டா போதும்னு ஒக்கார்ற வயசு. அந்தாளு அந்த வயசுலதான் புதுத் தொழிலுக்குப் போறாரு.

எப்பிடிப் போனாருங்கிற கதையக் கேளு. 1907-ல தெருவுல நடந்து போயிருக்காரு. சுவத்துல கோமோன் சினிமாக் கம்பெனியோட போஸ்டரு. உத்துப் பாத்தா, தான் எப்பவோ வரைஞ்ச கேலிப் படத்துலேருந்து சுட்டுக்கிட்ட கதை! விடுவிடுன்னு கம்பெனிக்குள்ள நொழைஞ்சு சத்தம் போட்டிருக்காரு. நஷ்டஈடு குடுக்கிறதவிட வேலை குடுக்கிறது மலிவுன்னு கணக்குப் போட்டு அவங்க இழுத்து உள்ள போட்டுக்கிட்டாங்களாம். இது நடந்ததா, பின்னாடி ஜோடிச்சதான்னு படிச்சவங்களுக்குள்ள சண்டை. எனக்கு அது நடந்திருக்கணும்னுதான் ஆசை. ஒன் படத்த எவனாச்சும் திருடுனா ஃபேஸ்புக்குல அழுதுக்கிட்டுக் கெடக்காத. நேரா அவன் ஆபீசுக்குப் போ, வாய்க்கு வந்தபடி திட்டு. வேலை கெடைச்சாலும் கெடைக்கும். இல்லாட்டி காவலாளி தூக்கி வெளிய போடுவான். விழுறது எப்பிடி இருக்குன்னு தெரிஞ்சுக்கலாம், வரையறதுக்கு ஆகும்.

அந்த நேரம் பாத்து அமெரிக்காவுலேருந்து பிளாக்டன்னு ஒருத்தரு எடுத்த ‘பேய் ஹோட்டல்’ படம் பாரீசுல ஓடுது. கத்தி தானா நகர்ந்து ரொட்டிய வெட்டுது. எப்பிடிச் செஞ்சான்னு கம்பெனி ஆளுங்களுக்கு மண்டை காயுது. நம்ம கித்தா வியாபாரி மகன் உத்துப் பாத்தாரு. பொருள கொஞ்சம் நகத்து, ஒரு படம் புடி. மறுபடி நகத்து, இன்னொண்ணு புடி. இவ்வளவுதான் சூட்சுமம். பிளாக்டன் 1906-லயே கரும்பலகையில சுண்ணாம்புக் கட்டியால மூஞ்சி வரைஞ்சு கண்ணு உருட்ட விட்டவருதான், இல்லேங்கல. ஆனா ஆரம்பத்துலேருந்து முடிவு வரைக்கும் கையால வரைஞ்ச கோடே கதை சொல்லி ஓடுன மொதப் படம்னு பலரும் சொல்றது கோல் செஞ்ச ‘ஃபாண்டாஸ்மாகோரி’யத்தான். 1908 ஆகஸ்ட் 17, பாரீசுல ஜிம்னாஸ் கொட்டகையில போட்டாங்க. மனுசனுக்கு அப்ப 51.

படத்த நீ பாத்திருப்ப. நானும் பாத்தேன். நீ பாத்தது பாடத்துக்கு, நான் பாத்தது சந்தோசத்துக்கு, அதனால எனக்குத்தான் நல்லா ஞாபகம் இருக்கு. ஒரு கை வருது. அது ஒரு கோமாளிய வரையுது, அவன் கம்பியப் புடிச்சுத் தொங்குறான். அப்புறம் தொப்பிக்காரரு ஒருத்தரு கொட்டகையில ஒக்கார்றாரு. முன் சீட்டுல ஒரு அம்மா வந்து ஒக்காருது, தலையில இத்தாம் பெரிய தொப்பி, அதுல இறகு இறகா நட்டு வச்சிருக்கு. எங்க தெரியும் படம்? மனுசன் ஒவ்வொண்ணா இறகப் புடுங்குறாரு. அதப் பாத்து நான் சிரிச்ச சிரிப்புல உங்க பாட்டி அடுப்ப விட்டுட்டு ஓடியாந்தா. தோட்டத்துத் திடல்ல படம் போட்ட காலத்துல கொண்டையும் கனகாம்பரமுமா முன்னாடி வந்து ஒக்காந்து எத்தனை சண்டைக் காட்சிய எனக்கு மறைச்சாங்க தெரியுமா? அதுல ஒருத்தியத்தான் பின்னாடி கட்டிக்கிட்டேன். புடுங்கத் தைரியம் இல்ல.

அதுக்கப்புறம் பாரு, எது எதுவா மாறும்னே சொல்ல முடியாது. புட்டி பூவாகுது. பூவு யானையாகுது. யானை வீடாகுது. கோமாளிய வீட்டுக்குள்ள போட்டு அடைக்கிறாங்க, அவன் ஜன்னல் வழியா குதிக்கிறான், விழுந்து ஒடம்பு ஒடைஞ்சு போகுது. ஒடனே ரெண்டு கை வந்து, நெஜக் கைடா, கோந்து போட்டு ஒட்டிக் குடுக்குது. கடைசியில குதிரை மேல ஏறிக் கையாட்டிட்டுப் போறான். மொத்தமா ரெண்டு நிமிசம்கூட இல்ல. பொண்ணு பாக்க வந்தவன் தண்ணி குடிக்கிற நேரம்.

இதுக்கு எத்தனை படம் வரைஞ்சாருன்னு நெனைக்கிற? சுமார் 700. கண்ணாடிப் பலகைக்கு அடியில வெளக்க வச்சு, வரைஞ்ச காயிதத்து மேல வெறுங்காயிதத்தப் போட்டு, கீழ தெரியிற கோட்ட ஒத்தி எடுத்து, அதுல கொஞ்சமா மாத்தி. ஒவ்வொண்ணையும் ரெண்டு ரெண்டு தடவை புடிச்சாரு. அப்ப செகண்டுக்குப் பதினாறு, பதினெட்டுப் படம் ஓடும். கணக்குப் போட்டுப் பாரு, நிமிசத்துக்கு மேல கொஞ்சம் வரும். வரைஞ்சது என்னமோ வெள்ளக் காயிதத்துல கறுப்புக் கோடு. அதத் திருப்பி எதிர்மறையா அச்சுப் போட்டதுல கரும்பலகையில வெள்ளக் கோடு ஆயிடுச்சு. காசு கூடாம வந்த அழகு.

இந்த வேலை என்ன வேலைன்னு எனக்குப் புரியுது, ஒங்கப்பனுக்குப் புரியாது, அவன் லோரி ஓட்டுனவன். பால் வெட்டுறவன் காலையில என்ன செய்யிறான்? முந்தின வெட்டுக்குக் கீழ நூலளவு பட்டையச் சீவுறான். ஒரு மயிரிழை கூடப் போனா மரம் புண்ணாயிடும். கொறைஞ்சா பாலு கோட்டுல எறங்காது. ஒரு நாளு வெட்டப் பாத்தா ஒண்ணும் தெரியாது. வருசம் கழிச்சு மரத்தப் பாரு, கோடு கீழ எறங்கி நடந்து வந்திருக்கும். கோல் செஞ்சதும் அதுதான். அந்த ஆளுக்கு உளியக் குடுத்து நம்ம தோட்டத்துல நிக்க வச்சிருந்தா மண்டோரு வாயடைச்சுப் போயிருப்பாரு.

நீயும் செஞ்சிருக்க, எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத. ஆறாம் ஆண்டுல சரித்திர நோட்டு ஓரத்துல ஆடு ஒண்ணு வரைஞ்சு வச்சிருந்தியே, பக்கத்த வேகமா பொரட்டுனா துள்ளிக் குதிக்குமே. நான் பாத்தேன். நடுவுல ஒரு பக்கத்துல மட்டும் ஆட்டுக்குப் பின்னங்காலக் காணோம். அந்த எடத்துல ஆடு நொண்டும். அந்த நொண்டல நான் ரசிச்சேன்டா. ஆனா காசு குடுக்கிறவன் ரசிக்க மாட்டான். ஒரு காலப் போட சோம்பேறித்தனப்பட்டவனுக்கு 700 படம்! பாப்பம்.

கோலு இதோட விடல. அதே 1908-ல தீக்குச்சிய ஆட வச்சு ஒரு படம் எடுத்தாரு. பின்னாடி 1915-ல நம்ம இந்தியாவுல பால்கே இருக்காரே, ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்தவரு, அவரும் தீக்குச்சிய ஆட வச்சு ஒரு துண்டுப் படம் எடுத்தாரு. பெட்டி என்ன வெல விக்கும் அப்ப? அம்பது குச்சி, சம்பளம் கேக்காத அம்பது நடிகரு. தயாரிப்பாளருக்கு இதவிட வேற சொர்க்கம் உண்டா? ஒங்க காலேசுல பத்தாயிரம் வெள்ளிக்குக் கம்ப்யூட்டர் வாங்கணும்னு சொன்னா, தாத்தா ஒரு தீப்பெட்டி குடுத்தாருன்னு சொல்லு.

சரி, இப்ப வரும்படி விசயம். நூத்துக்கு மேல படம் செஞ்சாரு கோலு. அமெரிக்காவுக்குக் கூப்புட்டாங்க, போனாரு. நியூ ஜெர்சியில ஃபோர்ட் லீங்கிற ஊருல எக்லேர் கம்பெனி. பத்திரிகையில வந்த சித்திரக் கதைய எடுத்துத் தொடர்ச்சியா கார்ட்டூன் படமாக்குனாரு, 1913-ல. ஒலகத்துலயே அப்பிடி ஒரு தொடர் அதுக்கு முன்னாடி இல்லேங்கிறாங்க. 1914 மார்ச்சுல அந்தக் கம்பெனியில தீப்புடிச்சு அங்க செஞ்சதுல பெரும்பாலும் சாம்பலாப் போச்சு. அந்தக் காலத்து ஃபிலிமு சும்மாவே பத்திக்கும். பிரான்சுக்குத் திரும்பி வந்தாரு. ஒலகச் சண்டை ஆரம்பிச்சிருச்சு. சண்டை முடிஞ்சு பாக்கிறப்ப, அமெரிக்காக்காரன் ஆளு வச்சுப் பட்டறை போட்டு வாரத்துக்கு ஒரு கார்ட்டூனு அடிச்சு எறக்குறான். தனியா ஒக்காந்து வெளக்குக்கு மேல காயிதம் வச்சு வரையிற கெழவன யாரு தேடப் போறா?

வயசான காலத்துல கரண்டுக்குக் காசு கட்ட வழியில்லாம மெழுகுவத்தி வெளிச்சத்துல இருந்தாராம். 1937-ல ஒரு நாளு அந்த மெழுகுவத்தி தாடியில பத்திக்கிச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில போட்டாங்க. 1938 ஜனவரி 20-ல முடிஞ்சு போச்சு. மறுநாளே மெலியேசும் போயிட்டாரு, நிலாவுக்கு ஆளனுப்புன படம் எடுத்தவரு. அதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 1937 டிசம்பர் 21-ல, வால்ட் டிஸ்னி அமெரிக்காவுல ‘ஸ்னோ வைட்’ போட்டு ஊரே எழுந்து நின்னு கை தட்டியிருக்கு. இங்க ஆரம்பிச்சு வச்சவரு தாடி கருகிக் கெடக்குறாரு. எனக்கு இதப் படிக்கிறப்ப சிரிப்பு வரல. ஒனக்கு நான் சொல்ற புத்தி என்னான்னா, அனிமேஷன் படிச்சா தாடி வளக்காத. ரெண்டுல ஒண்ணு வச்சுக்க.

அவருக்கும் மூத்தவரு ஒருத்தரு இருக்காரு, அவரும் எமிலுதான். எமில் ரெய்னோ. இவங்களுக்குப் பேரு ராசியே சரியில்ல. சினிமாவே வராத காலத்துல, 1892 அக்டோபர் 28-ல, பாரீசுல கிரேவன் மியூசியத்துல நீளச் சுருள்ல கையால வண்ணம் பூசுன படங்கள வெளிச்சத்துல ஓட்டிக் காட்டுனாரு. அதுல ஒண்ணுக்கு மட்டும் 500 படம், எல்லாம் தன் கையாலயே. லூமியேர் சகோதரருங்க காசு வாங்கிக்கிட்டு சினிமா காட்டுனது மூணு வருசம் கழிச்சு. 1900 வரைக்கும் அஞ்சு லட்சம் பேருக்கு மேல வந்து பாத்தாங்க. ஆனா புதுசு வந்தா பழச யாரு சீந்துறா? கடைசியில வெறுத்துப் போயி மெஷின ஒடைச்சாரு. சுருள்கள எடுத்துக்கிட்டுப் போயி செய்ன் ஆத்துல வீசிட்டாரு. ரெண்டே ரெண்டு படம் மிச்சம். 1918-ல ஒரு தர்ம ஆஸ்பத்திரியில கண்ண மூடுனாரு. இப்ப அந்த அக்டோபர் 28-அ ஒலக அனிமேஷன் நாளுன்னு கொண்டாடுறாங்களாம். கேக்கு வெட்டுவாங்களா இருக்கும்.

நம்ம ஊருல கெத்தில் ஆறு மூடா ஆத்துல போயி விழுது. கோவம் வந்தா ஆறு பக்கத்துலதான் இருக்கு, வசதி. ஆனா எதையாச்சும் போடணும்னு தோணுனா ஒன் மோட்டோரப் போடு. வரைஞ்சத எங்கிட்ட குடுத்து வை.

இதெல்லாம் வெள்ளக்காரன் கதை தாத்தா, நம்ம ஊருல அப்பிடி ஆகாதுன்னு வாயக் கோணுற பாரு, அந்தக் கோணல நானும் எதிர்பாத்தேன். வா, வீட்டுக்கதைக்கு வருவோம்.

நான் பயலா இருந்தப்ப தகவல் எலாக்கா வண்டி தோட்டத்துக்கு வரும். திடல்ல ரெண்டு கம்ப நட்டு வெள்ளத் துணியக் கட்டுவாங்க. ஜெனரேட்டரு கடகடன்னு ஓடும். முன்னாடி எடமில்லேன்னா நாங்க துணிக்குப் பின்னாடி போயி ஒக்காந்துக்குவோம். படம் நல்லாத்தான் தெரியும், எழுத்து மட்டும் திரும்பி வலதுலேருந்து எடதுக்கு ஓடும். எங்கள்ல பாதிப் பேருக்கு எழுத்து எந்தப் பக்கம் ஓடுனாலும் ஒண்ணுதான். கொசுவ ஒழி, கொதிச்ச தண்ணியக் குடி, கம்யூனிஸ்டுக்குச் சோறு போடாத, ஓட்டுப் போடு, இதான் கதை. அந்தப் படங்கள எடுத்தது மலாயன் ஃபிலிம் யூனிட்டு, 1946-ல ஆரம்பிச்சது. மலேசியா ஆனப்புறம் ஃபிலிம் நெகாரான்னு பேரு மாத்துனாங்க.

அந்த ஃபிலிம் நெகாராவுலதான் ஒருத்தரு வேலை பாத்தாரு. ஆனந்தம் சேவியர். பேரக் கேட்டா நம்ம பக்கத்து வீட்டுப் பேரா காதுல விழுதா? படத்துக்கு அரங்கம் வடிவமைக்கிறது அவரு வேலை. கார்ட்டூனுக்குன்னு அப்ப நாட்டுல பள்ளிக்கூடமும் கெடையாது, சைபர்ஜெயாவும் கெடையாது, அந்த எடத்துல கித்தாவும் செம்பனையும்தான் நின்னுச்சு. அவரு 1978-ல ‘ஹிக்காயாட் சாங் காஞ்சில்’ங்கிற துண்டுப் படத்த முடிச்சாரு. நம்ம சருகுமான் கதைதான். மலேசியாவுல செஞ்ச மொத அனிமேஷன் படம்னு அதத்தான் சொல்றாங்க. நல்லாக் கேட்டுக்க, மொதப் படம். முடிச்சது 1978. டிவியில காட்டுனது 1983.

அஞ்சு வருசம்டா! எங்க கெடந்துச்சோ, எந்த அலமாரியில தூங்குச்சோ. 1978-ல பொறந்த புள்ள பாலர் பள்ளிக்குப் போற வயசுல அந்த சருகுமான் வெளிய வருது. முதலையக் கணக்கெடுக்கிறேன்னு ஏமாத்தி ஆத்தத் தாண்டுன மிருகம் அது, ஆபீசத் தாண்ட அஞ்சு வருசம் ஆச்சு. முதலைக்காச்சும் கணக்குத் தெரியும்.

இப்ப நீ எந்திரிச்சு கோலா கெத்தில் கடைத்தெருவுக்குப் போயி, ஆனந்தம் சேவியர் யாருன்னு கேட்டுப் பாரு. மீன்காரரு பாதிரியாருன்னு சொல்லுவாரு. சலூன்காரரு பழைய கால்பந்து கோல்கீப்பர்னு அடிச்சுச் சொல்லுவாரு. எங்க மாமா பையன்தான்னு சொல்றதுக்கும் ஒருத்தன் வருவான். ஆனா உப்பின் இப்பின் யாருன்னு கேளு, தொட்டில்ல கெடக்கிற புள்ள எந்திரிச்சுப் பாடும். அத நான் கொறை சொல்லல. 2007-ல நோன்பு மாசத்துக்குன்னு ஆரம்பிச்சு, ஒங்க மல்டிமீடியா பல்கலைக்கழகத்துல படிச்ச பசங்க செஞ்ச கார்ட்டூனு அது. ஒலகம் முழுக்கப் போச்சு. நல்ல வேலை. அதுல நம்ம ராஜூ மாட்ட வச்சுக்கிட்டுச் சுத்துறான். அப்புறம் 2011-ல போபாய்பாய் வந்துச்சு. அதுல நம்ம கோபாலுக்கு ஒரு சக்தி குடுத்திருக்காங்க. தொட்டதெல்லாம் திங்கிற சாமானா மாத்திடுவான்! கதாநாயகனுக்கு இடி, மின்னலு. நம்ம பயலுக்கு ரொட்டி, கேக்கு. ஆனா யோசிச்சுப் பாத்தா, புட்டிய பூவாக்கி, பூவ யானையாக்குன கோலோட வாரிசு அந்தக் கூட்டத்துல கோபால்தான். தின்னுட்டுப் போகட்டும்.

நடுவுல ஹசான் அப்துல் முத்தாலிப்னு ஒருத்தரு பேர மறந்துடாத. சருகுமானையும் முதலையையும் 1987-ல படமாக்குனவரு, 1998-ல ‘சீலாட் லெகெண்டா’ன்னு நாட்டோட மொத முழுநீள கார்ட்டூன எடுத்தவரு. அவர மலேசிய அனிமேஷனுக்கு அப்பான்னு சொல்றாங்க. சரி. ஆனா எந்த வீட்டுலயும் அப்பாவுக்கு முன்னாடி ஒரு தாத்தா இருந்திருப்பாரு. போட்டோ மட்டும் மாட்டியிருக்க மாட்டாங்க.

அதனால ஒனக்கு என்னோட தரித்திரப் பாடம் இதுதான். வரையிற ஒவ்வொரு படத்துலயும் ஒன் பேர எழுது. மூலையில எழுதாத, வெட்டிடுவானுங்க. நடுவுல எழுது. ஆட்டு வயித்துல எழுது. ஆடு குதிக்கிறப்ப பேரும் குதிக்கட்டும். முடிச்ச படத்துக்கு ஒரு நகலு எங்கிட்ட இருக்கட்டும், ஒண்ணு உங்க அத்தை வீட்டுல இருக்கட்டும், ஒண்ண பெனாங்குல இருக்கிற உங்க மாமாகிட்ட குடு. அந்தாளு வாங்குன எதையும் திருப்பிக் குடுத்ததே இல்ல, ரொம்ப பத்திரமா இருக்கும். ஆபீசு அலமாரிய மட்டும் நம்பாத. யாராச்சும் ஒன்ன மேடையில ஏத்தி மாலை போட்டா வாங்கிக்க, பொன்னாடையும் வாங்கிக்க, எறங்கி வந்தவொடனே சம்பள பாக்கியக் கேளு. மாலை காயிறதுக்குள்ள கேக்கணும்.

இன்னொரு சந்தேகம் எனக்கு இருக்கு. இப்பெல்லாம் ஒரு வரி எழுதிப் போட்டா கம்ப்யூட்டரே படத்த ஓட வச்சுக் குடுத்துடுதாமே? அத்தை மக காட்டுனா. யானை சைக்கிள் ஓட்டுதுன்னு எழுதுனா, ஓட்டுச்சு. அழகாத்தான் ஓட்டுச்சு. நான் பத்து பெக்காக்காவுல கள்ளுக்கடைலேருந்து திரும்பி வர்ற தண்டல் சைக்கிள் ஓட்டணும்னு எழுதச் சொன்னேன். அதுவும் ஓட்டுச்சு, நேரா ஓட்டுச்சு. அங்கதான் எனக்குத் தெரிஞ்சிடுச்சு, அதுக்கு நம்ம தண்டலத் தெரியாதுன்னு. அந்தாளு நேரா ஓட்டி நான் பாத்ததே இல்ல. கெணத்துக்குக் கிட்ட வந்தா இடது பக்கம் சாயும், மேட்டுலயத்துக்கிட்ட வந்தா பாட்டு வரும், வீட்டு வாசலுக்கு வந்தா சைக்கிள் நிக்கும், ஆளு போயிக்கிட்டே இருப்பாரு. அத நீ வரையலாம். ஏன்னா அந்தக் கதைய நான் ஒனக்குச் சொல்லியிருக்கேன், உங்க பாட்டி வேற மாதிரி சொல்லியிருக்கா. நொண்டி ஆடு வரைஞ்ச கைக்கு அது வரும்.

உங்கம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். டாக்டருக்குப் படிக்க ரஷ்யா வரைக்கும் அனுப்புன நாலு வீட்டு வங்கிக் கடன எடுத்துக் காட்டுனா கொஞ்சம் அழுகை நிக்கும். உங்கப்பன்கிட்ட பேச வேணாம், அமைதி நீடிக்கட்டும். மொத வருசத்துக் கட்டணத்துல ஒரு பங்கு என் சேமநிதிக் காசுலேருந்து வரும். கடன்னு சொல்லல, முதலீடுன்னும் சொல்லல, அந்த ரெண்டு வார்த்தையும் கோலோட குடும்பத்துக்கே ஒத்து வரல. அதுக்கு ஈடா எனக்கு ஒண்ணு வேணும். நீ எடுக்கிற மொதப் படத்துல நான் வரணும். தலையில முடி போடு, கறுப்பா. பல்லு முழு வரிசை. பக்கத்துல உங்க பாட்டி நிக்கட்டும், ரொம்ப ஒல்லியா வரையாத, ஊருல நம்ப மாட்டாங்க. அவ வாயி அசையட்டும், சத்தம் வேணாம். தண்டல் சைக்கிள்ல வர்றப்ப நான் ஓரமா ஒதுங்கணும், அவரு ஒதுங்கக் கூடாது.

சரி, போயி ரெண்டு தே தாரிக் சொல்லிட்டு வா, எனக்கு சீனி கொறைவா. காச நீயே குடுத்துடு, ஒன் கையில இருக்கிறப்பவே.